பிசுக்கேறிய பழைய எஞ்சின் பாகங்களை வீட்டிலேயே கழுவிப் பெயிண்ட் அடித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினை மெக்கானிக் இறக்கிக் கொடுத்த பிறகு, அதன் வெளிப்பாகங்களைக் கார் கொட்டகையிலும் மொட்டைமாடியிலுமாக உட்கார்ந்து நானே கழுவிப் பெயிண்ட் அடித்தேன். அன்றிலிருந்து, பழைய வண்டி வைத்திருக்கும் உறவினரும் நண்பர்களும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவற்றுக்கான விடைகள் இங்கே உள்ளன. உத்தர்பாடா ஆலையில் 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியை வைத்தே உதாரணங்களைச் சொல்லியிருக்கிறேன் என்றாலும், பிரீமியர் பத்மினிக்கும் பழைய ஜீப்புக்கும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும். பிஸ்டன், பேரிங், வால்வு முதலிய உள்வேலைகள் இதில் சேரா.

எஞ்சினை இறக்காமலே இந்த வேலையைச் செய்ய முடியுமா?

ஒரு பகுதியைச் செய்யலாம். டேப்பட் கவர், ஏர் ஃபில்டர் டப்பா, விசிறி, புல்லி, டைனமோவைத் தாங்கும் பிராக்கெட் போன்றவற்றை ஸ்பேனர் செட் ஒன்றை வைத்துக்கொண்டு நாமே கழற்றி மாட்டிவிட முடியும். முதன்முதலாக இறங்குகிறவர்கள் டேப்பட் கவரிலிருந்து தொடங்குவதே நல்லது. அம்பாசடரில் அது எஞ்சினின் உச்சியை மூடும், தகட்டை அழுத்திச் செய்த மூடி. மேலே இரண்டு நட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். பானெட்டைத் திறந்தவுடன் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். எஞ்சினின் முக்கிய உடலான பிளாக்கையும், அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான ஆயில் பானையும் ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். வண்டிக்குள் இருக்கும்போதே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த அழுத்தத்தில் நீர் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளும் டைனமோவுக்குள்ளும் ஸ்டார்ட்டருக்குள்ளும் புகுந்துவிடும். பிசுக்கு மட்டும் இடுக்கை விட்டு இடுக்குக்கு மாறி உட்காரும்.

கழுவத் தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, அதைத்தான் பெரும்பாலோர் தவறவிடுகிறார்கள். முதலில் பிசுக்கைப் படிக்க வேண்டும். முப்பது ஆண்டுப் பிசுக்கு வெறும் அழுக்கு அன்று. எந்த கேஸ்கட் (இரண்டு பாகங்களுக்கு இடையே ஒழுகாமலிருக்க வைக்கும் அடைப்புத் தகடு) எங்கே ஒழுகுகிறது என்று அந்த எஞ்சினே எழுதி வைத்திருக்கும் குறிப்பு அது. தூசு படிந்து காய்ந்து கெட்டியாகக் கறுத்திருக்கும் இடம் பழைய ஒழுகல். ஈரமாகப் பளபளத்து, விரலால் தொட்டால் எண்ணெய் ஒட்டுகிற இடம் இன்றும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் எப்போதும் கீழ்நோக்கியும், விசிறிக் காற்றினால் பின்நோக்கியும் போகும். ஆகவே ஈரம் தொடங்குகிற மிக உயரமான, மிக முன்புறமான புள்ளியைத் தேடுங்கள்.

எங்கள் எஞ்சினில் ஆயில் பான்தான் ஒழுகுகிறது என்று பல ஆண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தோம். கைவிளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, பானின் விளிம்புக்கு ஒரு சாண் மேலேயே ஈரம் தொடங்கியிருந்தது. அந்த எஞ்சினில், காற்றும் புகையும் போகும் குழாய்த் தொகுதியான மேனிஃபோல்டுக்கு அடியில், பிளாக்கின் பக்கவாட்டில், டேப்பட் அறையை மூடும் இரண்டு சிறிய தகட்டு மூடிகள் இருக்கின்றன. கார்க் கேஸ்கட் வைத்த அந்த மூடிகளில் ஒன்று வறண்டுபோய் வழியவிட்டிருந்தது. கழுவிவிட்டுத் தேடியிருந்தால் இது தெரிந்திருக்காது.

படித்து முடித்த பின் எல்லாக் கோணங்களிலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் போல்ட்டுகளை, அவை எந்தத் துளையிலிருந்து வந்தனவோ அதன் பெயரை எழுதிய தனித்தனிப் பைகளில் போடுங்கள். ஒரே தடிமனில் இரண்டு நீளங்களில் போல்ட்டுகள் இருக்கும். நீளமானதைக் குட்டையானதன் துளையில் முறுக்கினால், அடியில் முட்டி உடைவது பிளாக்காகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, திறந்த துளைகளை அடைத்துவிடுங்கள். மேனிஃபோல்டு வாயிலும் பிளக் துளையிலும் துணியைத் திணிப்பதைவிட, எண்ணிக்கை தெரிந்த ரப்பர் அடைப்பான்களைப் பயன்படுத்துவது மேல். திணித்த துணி உள்ளே மறந்துபோன கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

எந்தப் பாகம் இரும்பு, எது அலுமினியம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு காந்தம் போதும். ஒட்டினால் வார்ப்பிரும்பு அல்லது எஃகுத் தகடு; ஒட்டாவிட்டால் அலுமினியம், துத்தநாகக் கலவை, பித்தளை இவற்றில் ஒன்று. பிசுக்கின் மேல் வைத்துப் பார்க்காமல், ஓர் ஓரத்தைச் சுரண்டிவிட்டு வையுங்கள். இரண்டு வாளிகளாகப் பிரித்து வைத்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்க வேண்டும். இந்தப் பிரிப்பை நான் ஒரு முறை செய்யத் தவறியதன் விளைவைக் கீழே சொல்கிறேன்.

பெட்ரோல் ஊற்றிக் கழுவினால் சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே?

போய்விடும், கூடவே கொட்டகையும் போகலாம். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டிய பிறகுதான் தீப்பற்றக்கூடிய அளவுக்கு ஆவியாகும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே அந்த நிலைக்கு வந்துவிடுகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, பத்தடி தள்ளியிருக்கும் தண்ணீர் மோட்டாரின் சுவிட்சு வரை போகும். சுவிட்சுக்குள் எழும் சிறு பொறி அதற்குப் போதும். பட்டறைகளில் காலங்காலமாகச் செய்கிறார்களே என்பது ஒரு வாதமாகாது.

மண்ணெண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். சித்திரை வெயிலில் சென்னையோ வேலூரோ 40 டிகிரியைத் தாண்டும்போது, மேற்சொன்ன 38-ஐ அது திறந்த வெளியிலேயே எட்டிவிடுகிறது. ஆகவே அதையும் காலை வேளையில், நிழலில், அடுப்பும் புகைபிடிப்பவரும் அருகில் இல்லாத இடத்தில்தான் கையாள வேண்டும். மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்ட ஊர்களில் டீசல் அதே வேலையைச் செய்யும்; பின்னால் சற்றுக் கூடுதலான எண்ணெய்ப் படலத்தை விட்டுவைக்கும் என்பதே குறை.

அப்படியானால் எதைக் கொண்டு, எந்த வரிசையில் கழுவ வேண்டும்?

முதல் கட்டம் சுரண்டல். இதில் எந்தத் திரவமும் வேண்டாம். மரச் சீவலையோ பழைய பிளாஸ்டிக் அட்டையையோ கொண்டு கெட்டிப் பிசுக்கைக் கட்டி கட்டியாக வழித்து, விரித்த செய்தித்தாளில் போடுங்கள். இப்படி வழித்தெடுக்கும் ஒவ்வொரு கைப்பிடியும் பிறகு வாளியில் கலந்து கசடாகாமல் மிச்சமாகும். அரை மில்லிமீட்டர்ப் படலம் மிஞ்சும்வரை பொறுமையாகச் சுரண்டினால், மீதி வேலையில் பாதி குறைந்துவிடும்.

இரண்டாம் கட்டம் மண்ணெண்ணெய் அல்லது டீசல். பாகம் முழுவதும் மூழ்கத் தேவையில்லை. அகலத் தட்டில் ஓரங்குலம் ஊற்றி, பிரஷ்ஷால் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்தால் போதும். இடுக்குகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும், போல்ட் துளைகளுக்குப் பால் புட்டி கழுவும் பிரஷ்ஷும் நன்றாகப் பயன்படும். துடைப்பதற்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட்டைப் போல வேறொன்று இல்லை. எண்ணெயை உறிஞ்சும், நூலை அதிகம் உதிர்க்காது. நைட்ரைல் கையுறை கட்டாயம். பழைய எஞ்சின் ஆயிலில் எரிந்த எரிபொருளின் எச்சங்கள் சேர்ந்திருக்கும். தோலில் திரும்பத் திரும்பப் படுவது புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடும்.

மூன்றாம் கட்டம்தான் பலர் விட்டுவிடுவது. மண்ணெண்ணெயில் கழுவிய பாகம் சுத்தமாகத் தோன்றும், ஆனால் அதன் மேல் மண்ணெண்ணெயே ஒரு படலமாக உட்கார்ந்திருக்கும். அதன்மேல் அடித்த பெயிண்ட் ஆறு மாதத்தில் தோலாக உரியும். இரும்புப் பாகமானால், ஒரு லிட்டர் வெந்நீருக்குச் சுமார் 50 கிராம் சலவைச் சோடாவும் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டும் கலந்து, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டில் அரை மணி நேரம் ஊற வைத்துத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலச வேண்டும். அலுமினியத்துக்குச் சோடா வேண்டாம். பாத்திரத் திரவமும் வெந்நீரும் போதும். ஊற வைக்கும் பாத்திரமும் அலுமினியமாக இருக்கக் கூடாது. இந்த வேலைக்கு எடுத்த பாத்திரம் எதுவாயினும் அது மீண்டும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கும் நல்லது.

அலசியவுடன் உலர்த்துவதில் தாமதம் ஆகாது. எண்ணெய் நீங்கிய வார்ப்பிரும்பு, நம் கடற்கரைக் காற்றில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் செம்மஞ்சள் நிறமாகிவிடும். துணியால் ஒற்றி, முடி உலர்த்தும் கருவியால் துளைகளுக்குள் சூடான காற்றை ஊதி, வெயிலில் வைத்து எடுங்கள்.

சாக்கடை அடைப்பு நீக்கும் தூளில் ஊற வைத்தால் ஒரே இரவில் பளிச்சென்று ஆகும் என்பது உண்மையா?

அந்தத் தூளில் இருப்பது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. இரும்பிலுள்ள பிசுக்கையும் பழைய பெயிண்டையும் அது உண்மையிலேயே தின்றுவிடும். அலுமினியத்தையும் அதேபோல் தின்றுவிடும்.

பிரித்து வைக்காததன் விளைவு என்று மேலே சொன்னது இதுதான். இரும்பு பிராக்கெட்டுகளோடு தெர்மோஸ்டாட் மூடியையும் கவனமில்லாமல் அந்தக் கரைசலில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் வாளி வெதுவெதுப்பாக இருந்தது. நீர் மை போலக் கறுத்து, அடியிலிருந்து நுண்ணிய குமிழ்கள் எழுந்துகொண்டிருந்தன. அந்தக் குமிழ்கள் ஹைட்ரஜன். மூடிய அறையாக இருந்திருந்தால் அதுவே தனி ஆபத்து. மூடியை வெளியே எடுத்தபோது, கேஸ்கட் உட்காரும் முகம் புழு அரித்த பலகைபோலக் குழிகுழியாக இருந்தது. மாற்று மூடிக்காக, சென்னையில் பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் இரண்டு சனிக்கிழமை அலைந்தேன். இரும்புக்குக்கூட இதைத் தவிர்க்கலாம் என்பதே இப்போது என் கருத்து. கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வை போகக்கூடிய பொருளை, சலவைச் சோடாவும் ஒரு மணி நேர உழைப்பும் செய்துவிடுகிற வேலைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

ஒட்டிப்போன பழைய கேஸ்கட்டை எப்படி அகற்றுவது?

ஈரமாக வைத்து அகற்ற வேண்டும். பழைய ஹெட் (பிளாக்கின் மேல் உட்காரும் பகுதி) கேஸ்கட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட் ஆகியவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் கம்பிப் பிரஷ்ஷை டிரில்லில் மாட்டித் தேய்த்தால், கண்ணுக்குத் தெரியாத அதன் இழைகள் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கும். சோப்புத் தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, பித்தளை அல்லது கெட்டிப் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து, வழித்ததை ஈரம் காயும் முன்பே இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள்.

ஹெட்டின் எரிஅறையிலும் எக்ஸாஸ்ட் துளைகளிலும் படிந்த கரியையும் இதே கவனத்தோடுதான் அணுக வேண்டும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில்தான் முற்றாக நின்றது. அதற்கு முன் பல ஆண்டுகள் ஓடிய எஞ்சினின் கரியில் ஈயச் சேர்மங்கள் கலந்திருக்கும். குழந்தைகள் நடமாடும் இடத்தில் அந்தத் தூசு படியக் கூடாது.

கேஸ்கட் உட்காரும் முகத்தில் சுழலும் உப்புத்தாள் வட்டுகளைப் பயன்படுத்தாதீர்கள். சமதளம் கெடுவது ஒரு பக்கம். அந்த வட்டிலிருந்து உதிரும் துகள் எண்ணெயில் கலந்தால் பேரிங்கைத் தேய்த்தே தீர்த்துவிடும்.

துருவை எப்படி நீக்குவது? புளி போட்டுத் தேய்க்கலாமா?

பித்தளைக் குத்துவிளக்கில் புளி செய்கிற வேலையை, மேலோட்டமான துருவிலும் ஓரளவு செய்யத்தான் செய்கிறது. அதிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கும். ஆனால் டேப்பட் கவர் அளவுள்ள பொருளுக்கு அது கட்டுப்படியாகாது. கடைகளில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தை ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் கரைத்து, சில மணி நேரம் ஊற வைத்து, இடையிடையே எடுத்துப் பார்த்துத் தேய்த்தால் துரு கரைந்து சாம்பல் நிற உலோகம் தெரியும். பிறகு சோடா கலந்த நீரில் ஒரு முறை முக்கி, மிச்ச அமிலத்தை முறித்து, உலர்த்துங்கள். வால்வு ஸ்பிரிங்கையும் ஹெட், கனெக்டிங் ராடு போன்றவற்றின் உறுதி மிகுந்த போல்ட்டுகளையும் அமிலத்தில் போடக் கூடாது. அவை உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை பெற்று, பிறகு ஓட்டத்தில் முறியலாம். குழி விழுந்த துருவுக்குக் கம்பிப் பிரஷ்ஷும் 120, 220 எண் உப்புத்தாளும்தான். டிரில்லில் மாட்டிய கம்பிப் பிரஷ்ஷிலிருந்து கம்பிகள் ஊசிபோலப் பறக்கும் என்பதால், கண்ணாடி போடாமல் அதை இயக்கவே வேண்டாம்.

மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சித் துருவை உரிக்கும் சாண்ட் பிளாஸ்டிங்குக்குக் கொடுத்துவிட்டால் வேலை சுலபமாகாதா?

பிராக்கெட், விசிறி, புல்லி போன்ற வெளிப்பொருள்களுக்குச் சரி. எண்ணெய் ஓடும் எந்தப் பாகத்துக்கும் வேண்டாம். டேப்பட் கவரின் உட்புறத்தில் எண்ணெய் தெறிப்பைத் தடுக்கும் தகடு ஒட்டியிருந்தால், அதன் பின்னால் புகுந்த மணலை எத்தனை முறை கழுவினாலும் முழுதாக எடுக்க முடியாது. வண்டி ஓடி எஞ்சின் அதிரும்போது அது ஒவ்வொரு துகளாக ஆயில் பானில் இறங்கும்.

போதுமான அளவு சுத்தமாகிவிட்டது என்று எப்படி முடிவு செய்வது?

தண்ணீரே சொல்லிவிடும். பாகத்தின் மீது நல்ல தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். நீர் பரந்து ஒரே படலமாக வழிந்தால் எண்ணெய் இல்லை. தாமரை இலையில் உருள்வதுபோல முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது, மூன்றாம் கட்டத்துக்குத் திரும்புங்கள். பெயிண்ட் அடிப்பதற்குச் சற்று முன் தின்னர் தோய்த்த வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். துணி வெள்ளையாகவே திரும்ப வேண்டும். அதன் பிறகு வெறுங்கையால் தொடக் கூடாது. விரல் ரேகையிலுள்ள எண்ணெய்ப் பசைகூடப் பெயிண்டில் மீன்கண் போன்ற வட்டங்களை உண்டாக்கும்.

எந்தப் பெயிண்ட் வாங்க வேண்டும்?

வீட்டு இரும்புக் கதவுக்கு அடிக்கும் சாதாரண எனாமல் போதாது என்பதுதான் முதல் பதில். எஞ்சினின் குளிர்நீர் 80 முதல் 90 டிகிரி வரை சூடாகும். பிளாக்கின் வெளிப்புறமும் அந்த அளவை ஒட்டியிருக்கும். ஹெட்டில் எக்ஸாஸ்ட் துளைகளின் அருகே இன்னும் கூடும். சாதாரண எனாமல் இந்தச் சூட்டில் உடனே உரிந்துவிடாது, ஆனால் நாளடைவில் மஞ்சளித்து, மொரமொரத்து, பெட்ரோல் சிந்திய இடத்தில் இளகிவிடும். டிங்கரிங் கடைகளில் அடிக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டை பெட்ரோலும் தின்னரும் தொட்டவுடன் கரைத்துவிடும்; பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேட்டருக்குக் கீழே உள்ள எதற்கும் அது உதவாது.

எஞ்சினுக்கென்றே விற்கும் வெப்பம் தாங்கும் எனாமலை வாங்குங்கள். ஸ்ப்ரே டப்பாவின் மேல் எத்தனை டிகிரி தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். பிளாக், டேப்பட் கவர், ஆயில் பான் ஆகியவற்றுக்கு 200 டிகிரிக்கு மேல் தாங்குவது எதுவானாலும் போதும். வாங்கியதும் ஒரு தகர மூடியில் அடித்து, ஒரு வாரம் காயவிட்டு, பெட்ரோல் தோய்த்த துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் ஏறினால் அந்தப் பெயிண்ட் எஞ்சினுக்கு ஆகாது.

கடினமாக்கி கலந்து அடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் பளபளப்பிலும் உழைப்பிலும் சிறந்ததுதான். ஆனால் அந்தக் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது. அதன் தூவலைச் சுவாசித்தால் நீங்காத ஆஸ்துமா வரலாம். கடையில் வாங்கும் முகமூடி அதற்குப் போதாது, வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசம் வேண்டும். வீட்டில் அதை எடுக்காதீர்கள்.

நிறத்தைப் பற்றி: முதலில் அடித்த நிறம் எது என்று தெரியாவிட்டால், ஏதாவது ஒரு பிராக்கெட்டைக் கழற்றி, அது பிளாக்கோடு ஒட்டியிருந்த இடத்தின் ஓரத்தைப் பாருங்கள். வெயிலும் எண்ணெயும் படாத அந்த விரலகல இடத்தில் ஆலை நிறத்தின் மிச்சம் பெரும்பாலும் இருக்கும்.

அடியில் பிரைமர் தேவையா?

வார்ப்பிரும்பின் மேற்பரப்பு இயல்பாகவே சொரசொரப்பானது. எஞ்சின் எனாமல் அதன்மேல் நேராகவே நன்றாகப் பிடிக்கும். வழவழப்பான தகட்டுக்கு, அதே எனாமலுடன் ஒத்துப்போகும் வெப்பம் தாங்கும் பிரைமர் ஒரு மெல்லிய கோட் நல்லது. அலுமினியத்தின் மேல் அடிக்கத்தான் வேண்டும் என்றால், உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர் வேண்டும். அலுமினியத்தை அடிக்காமல் சுத்தமாக அப்படியே விடுவதுதான் எனக்குப் பிடித்தம். பழைய கடைகளில் இன்னும் கிடைக்கக்கூடிய மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட் பிரைமரைத் தேய்த்தாலோ தூவினாலோ எழும் தூசு நச்சுத்தன்மை உடையது, விலக்கிவிடுங்கள்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் அதே பெயிண்ட் அடிக்கலாமா?

கூடாது. மேட்டில் ஏறும்போது அது 500 டிகிரிக்கு மேலும் போகலாம். 600 டிகிரி தாங்கும் என்று குறிப்பிட்ட சிலிகோன் வகை அலுமினியப் பெயிண்டை, ரெட் ஆக்ஸைடோ வேறு பிரைமரோ இல்லாமல், துரு முற்றிலும் நீங்கிய உலோகத்தின் மேல் மிக மெல்லிதாக அடிக்க வேண்டும். எப்படி அடித்தாலும் சில ஆண்டுகளில் திட்டுத் திட்டாகப் போகும்.

எங்கெல்லாம் பெயிண்ட் படக் கூடாது?

கேஸ்கட் உட்காரும் முகங்கள், மரைகள், ஃபேன் பெல்ட் ஓடும் புல்லியின் பள்ளம், பிளக் உட்காரும் இடம், ரப்பர் பாகங்கள், எண்ணெய் அறையின் காற்றுக்குழாய் வாய் ஆகிய எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிடுங்கள். கார்ப்பரேட்டரை எக்காரணம் கொண்டும் அடிக்காதீர்கள். பேட்டரியின் எர்த் வயர் பூட்டும் இடமும், ஸ்டார்ட்டர் மோட்டார் உட்காரும் முகமும் வெற்று உலோகமாகவே இருக்க வேண்டும். அங்கே பெயிண்ட் படிந்தால் மின்சுற்று முழுமையாகாமல், நல்ல பேட்டரி இருந்தும் ஸ்டார்ட்டர் முனகும்.

எஞ்சின் எண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த எண் பொறித்த இடத்தில் கம்பிப் பிரஷ், உப்புத்தாள், அமிலம் எதுவும் படக் கூடாது. மண்ணெண்ணெயும் துணியும் மட்டும். 15 ஆண்டு முடிந்த வண்டியின் ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எண்ணைச் சரிபார்ப்பார்கள். பென்சிலால் தேய்த்துத் தாளில் அச்சு எடுக்கவும் நேரலாம். கெட்டியான பெயிண்டுக்கு அடியில் எண் மங்கினால் கேள்வி வரும். தேய்ந்து அழிந்தால் அதைவிடப் பெரிய தொல்லை வரும். தகட்டில் பொறித்திருந்தால் அதை அப்படியே மறைத்துவிட்டு அடியுங்கள்.

எந்தப் பருவத்தில், எப்படி அடிப்பது?

காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெயிண்ட் வெளுத்து மங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடவே வேண்டாம்; தை, மாசி மாதங்களில் காலை பத்து மணிக்கு மேல் அடிப்பது சிறந்தது. உச்சி வெயிலும் ஆகாது. தூவல் உலோகத்தைத் தொடும் முன்பே காய்ந்து மணல்போல ஒட்டும். கடற்கரை ஊர்களில் பிற்பகல் கடற்காற்று எழுவதற்குள் முடித்துவிட வேண்டும். பக்கத்து மாடியில் துணி காய்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். தூவல் நாம் நினைப்பதைவிடத் தூரம் போகும், அண்டை வீட்டாரின் வெள்ளை வேட்டிதான் அதை முதலில் கண்டுபிடிக்கும்.

ஸ்ப்ரே டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி கையை ஓட்டுங்கள். முதல் கோட்டில் உலோகம் தெரிந்தால் தெரியட்டும். பத்து நிமிட இடைவெளியில் மூன்று மெல்லிய கோட்டுகள், ஒரு தடித்த கோட்டைவிட நன்றாக நிற்கும். பல எனாமல்களில் அடுத்த கோட்டை ஒரு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும், தவறினால் இரண்டு நாள் பொறுக்க வேண்டும் என்ற விதி உண்டு. டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை மீறினால் மேல்கோட் கீழ்கோட்டைச் சுருக்கிவிடும். கரைப்பான் ஆவிக்குத் துணி முகமூடி பயன்படாது. கார்பன் வடிகட்டி உள்ளதை வாங்குங்கள். எனாமல் துடைத்த துணிகளை உருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவையுங்கள். அந்தப் பெயிண்ட் காயும்போது வெப்பம் விடும், குவியலாகக் கிடந்தால் தானே பற்றிக்கொள்ளவும் கூடும்.

அடித்த பின் சூடுபடுத்த வேண்டுமா? வீட்டு அவனில் வைக்கலாமா?

சமையல் செய்யும் அவனில் வைக்கவே கூடாது. குறைந்தது ஒரு வாரம் காயவிட்டு மாட்டுங்கள். பிறகு எஞ்சினே அடுப்பாகும். முதல் முறை பத்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டு முழுதாக ஆறவிடுங்கள். அடுத்த முறை இருபது நிமிடம். அதன் பிறகு சாலைக்கு எடுங்கள். முதல் ஓட்டத்தில் மணமும் லேசான புகையும் வருவது இயல்பு. ஒரே இடத்திலிருந்து தொடர்ந்து வந்தால் மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

கழிவை என்ன செய்வது?

கழுவிய மண்ணெண்ணெயை மூடிய கேனில் இரண்டு நாள் விட்டால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை அடுத்த பாகத்துக்கு மீண்டும் பயன்படுத்தலாம். கசடை மரத்தூளில் பிசைந்து, வடித்த பழைய ஆயிலோடு சேர்த்து, பழைய ஆயிலை முறையாகச் சேகரித்து அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுங்கள். மழைநீர்க் கால்வாயிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். எஞ்சினுக்கும் ஒரு சம்ப் (ஆயில் பான்தான்) உண்டு, வீட்டுத் தண்ணீருக்கும் ஒரு சம்ப் உண்டு. முன்னதன் எண்ணெய் பின்னதன் மூடிப்பக்கம் போகாத இடமாகப் பார்த்து உட்கார வேண்டும்.

மாட்டி முடித்த பிறகு மீண்டும் எண்ணெய் வழிகிறது. பெயிண்ட் வேலை வீணா?

பெரும்பாலும் குற்றம் விளிம்பில்தான் இருக்கும். பழைய டேப்பட் கவரையும் ஆயில் பானையும் யாரோ எப்போதோ மிகை இறுக்கமாக முறுக்கியிருப்பார்கள். போல்ட் துளையைச் சுற்றியுள்ள தகடு மேடாக எழும்பியிருக்கும். பெயிண்ட் அடிக்கும் முன்பே, விளிம்பை மரக்கட்டையின் மேல் கவிழ்த்து, துளைகளைச் சுற்றிச் சிறு சுத்தியால் மெல்லத் தட்டிச் சமப்படுத்தியிருக்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பலகையின் மேல் வைத்தால் ஆட்டம் இல்லாமல் உட்கார வேண்டும். கார்க் கேஸ்கட்டைப் பிதுங்கும் அளவுக்கு இறுக்கினால் அது பிளந்து வழியவிடும். கையால் முடிந்தவரை இறுக்கிய பிறகு ஸ்பேனரால் அரைச்சுற்றே போதும். நூறு கிலோமீட்டர் ஓடிய பின், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒருமுறை சரிபார்க்கலாம்.

எங்கே வழிகிறது என்று கண்டுபிடிப்பது இப்போது எளிது. சந்தேகமான இடத்தைத் துடைத்து உலர்த்தி, முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவிவிட்டு, பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்துங்கள். வெள்ளைப் பவுடரில் எண்ணெய் ஒரு கறுத்த கோடாக இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் உச்சியில் இருக்கும் போல்ட்டைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.